ஏழாம் நம்பரில் ஆறுமணிக் குருவி

முதல் இரண்டு நிமிஷம் கணக்கில் சேராது. நாங்கள் நடந்து வந்த சத்தத்தில் மிரண்ட பறவைகள் பழையபடி தெளிவதற்காக விட்டுவைக்கிற நேரம் அது. அதன் பிறகு பதினைந்து நிமிஷம். பேசக் கூடாது, இருமக் கூடாது, அட்டை கடித்தாலும் காலை உதறக் கூடாது. பாறையின் அந்தப் பக்கம் மேற்கே பார்த்து என் பெண்டாட்டி சந்தனமாரி, இந்தப் பக்கம் கிழக்கே பார்த்து நான், முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். அவள் மடியில் நோட்டு, வலது கையில் பென்சில். இடது கையைப் பின்னால் பாறைமேல் ஊன்றியிருக்கிறாள். அந்தக் கைமேல்தான் நான் தட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால் ஆறுமணிக் குருவி, அது இரண்டு சுரத்தில் விசில் அடிப்பதால். மூன்று தட்டு சிலம்பன். விரலை வைத்து அழுத்தினால் பூங்குருவி. எனக்கு எழுதத் தெரியாது, அவள் எட்டாவது வரை படித்தவள், அதனால் கேட்பது நான், எழுதுவது அவள் என்று பதினோரு வருஷமாக நடக்கிறது. அவளுடைய கண்ணாடி வளையல் ஆறும் கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப் பையில் இருக்கின்றன. சோலைக்குள் நுழையும்போது கழற்றித் தருவாள், வெளியே வந்ததும் வாங்கி மாட்டிக்கொள்வாள். இப்போது ஆறேகால் தாண்டியிருக்கும். மரங்கள் தெரிகின்றன, இலைகள் இன்னும் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. அதுதான் என் சங்கடம், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தப் பாறைக்கு ஏழாம் நம்பர் என்று பெயர். ஆபீஸ்காரர்கள் வைத்தது. சுற்றிலும் தேயிலை, நடுவில் கைப்பிடி அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிற சோலைக்காடுகள், அவற்றில் இந்த மாதிரிப் பன்னிரண்டு இடம். அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் மாதம் இரண்டு தடவை உட்கார்ந்து எண்ண வேண்டும். ஆபீஸ் என்றால் ரேணுகா மேடம். டாக்டர் பட்டம் வாங்கியவர், ஊசி போடாத டாக்டர். டீ ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது வேலையில்லாமல் நின்ற என்னைக் கூப்பிட்டு, ஒரு பெட்டியில் பறவைச் சத்தம் போட்டுக் காட்டி என்னென்ன என்று கேட்டார். நாற்பத்தைந்து சத்தம். நாற்பத்து மூன்று சொன்னேன். விறகுக்கு அலைந்த காலத்துப் பழக்கம், வேறென்ன. மேடத்துக்கு வேண்டியது எல்லாப் பறவையும்தான், ஆனால் முக்கியமாக வேண்டியது தரையில் நடப்பவை. சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்று, பறக்கத் தெரிந்தும் பறக்காமல் தத்தித் தத்தித் திரிகிறவை. சந்தனம் அவற்றுக்குத் தரைக்காரங்க என்று பெயர் வைத்தாள். மரத்து உச்சியில் பழம் தின்கிறவர்கள் மாடிக்காரங்க. மேடம் முதல் நாள் சொன்னார், "காடு கெட்டா மேல இருக்கிறது எப்படியோ வேற மரம் தேடிப் போயிரும். மொதல்ல காணாமப் போறது தரையில இருக்கிறதுதான்." உடனே சந்தனம், "அது எஸ்டேட்டுலயும் அப்பிடித்தான் மேடம்," என்றாள். மேடம் சிரிக்கவே இல்லை, அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சந்தனம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள், நான் சொன்னதை டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்க என்று.

இப்போது இடது பக்கம் மூங்கில் புதரடியில் ஆறுமணிக் குருவி இருக்க வேண்டும். என்றைக்கும் அங்கேதான் இருக்கும். ஐப்பசியில் வடக்கேயிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்து சேரும், பங்குனி முடிய இருந்துவிட்டுப் போகும். விடியும்போது ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை கத்தும். அதனால்தான் ஆறுமணிக் குருவி. கடிகாரம் கட்டாத குருவி, சில நாள் ஆறேகால் ஆகும், சில நாள் ஆறரை ஆகும். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். எந்த அன்றைக்கு? போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை. பதினைந்து நிமிஷமும் முடியப்போகிறது, அது கூவவில்லை. எங்கே போய்விடப் போகிறது, புதருக்குள் சோம்பேறித்தனமாக நின்றுகொண்டிருக்கும் என்று இரண்டு தட்டு தட்டிவிட்டேன். எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடும்போது வந்து சேராதவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரன் "வந்துட்டான் சார்" என்று சொல்லி வைப்பதில்லையா? எப்படியும் வந்துவிடப் போகிறவன்தானே. அது மாதிரித்தான் தட்டினேன். கெட்ட எண்ணம் இல்லை. அடுத்த தடவையும் தட்டினேன். அதற்கடுத்த தடவை நாலாம் நம்பரில் பூங்குருவிக்கு விரலை அழுத்தினேன், ஏனென்றால் நாலாம் நம்பரில் பூங்குருவி இருக்கும். பத்தாம் நம்பரில் சிலம்பனுக்கு மூன்று தட்டு. எந்த இடத்தில் எவன் குடியிருக்கிறான் என்று எனக்கு அத்துப்படி, லயத்து வரிசை வீடுகளில் யார் யார் என்று தெரிகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். காதை மூடிக்கொண்டும் தட்டியிருக்கிறேன் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

குக்கர்தான் சொல்லிக்கொடுத்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சந்தனம் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, மூணு விசில் வந்தா எறக்கிருங்க என்று சொல்லிக் குழாயடிக்குப் போனாள். நான் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஆவி குபுகுபுவென்று பீறுகிறது, குண்டு மேலே எழும்பி ஆடுகிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விசில் வரட்டும் விசில் வரட்டும் என்று. அவள் குடத்தோடு ஓடி வந்து அணைத்தாள். ஒன்பது விசிலாம். கண்ணசந்துட்டேன் என்று பொய் சொன்னேன். முழித்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவன் சொல்கிற பொய்யா அது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அன்றைக்கு மறைக்கச் சோறே இல்லை, எல்லாம் களி. அவள் மோரை ஊற்றிப் பிசைந்து வைத்து, "பல்லுப் போன காலத்துக்கு இப்பவே பழகிக்கிருவோம்," என்றாள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தைப்பொங்கலுக்கு அவளிடம், ஏன் இப்பல்லாம் வளையல் போடறதில்ல என்று கேட்டேன். அவள் கையை என் மூஞ்சிக்கு நேராகக் கொண்டுவந்து குலுக்கிக் காட்டிச் சிரித்தாள். ஆறும் இருந்தன. நானும் சிரித்தேன். திருப்பூரிலிருந்து மகள் போன் போடுவாள், பேத்தி பேசும். கீச்சென்ற குரல், எனக்குத் தகரத்தில் மணல் விழுகிற மாதிரி இருக்கும். சரி கண்ணு, சரி கண்ணு என்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு ஆட்டுக்குட்டி வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன், திருப்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிற பிள்ளைக்கு.

இருபத்திரண்டு வருஷம் ஃபேக்டரியில் தேயிலை உருட்டுகிற ரோலர் பக்கத்தில் நின்றேன். பக்கத்தில் நிற்பவனோடு கையாலும் புருவத்தாலும்தான் பேச முடியும், அப்படி ஒரு இரைச்சல். அது காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷம் கழித்துத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. அதிலும் ஒரு ருசி பார்த்துத் தின்கிறது. தடித்த சத்தத்தையெல்லாம் விட்டுவிட்டது. கருமந்தி உறுமுவது கேட்கிறது. இருவாச்சி தலைக்குமேல் பறந்தால் சிறகுச் சத்தம் கேட்கிறது. லாரி கேட்கிறது, சூப்பர்வைசர் திட்டுவது கேட்கிறது. மெல்லிசாக இருப்பதெல்லாம் போய்விட்டது. முதலில் பூங்குருவி போனது, அப்புறம் ஆறுமணிக் குருவி, அப்புறம் சந்தனம். முழுசாகப் போய்விடவில்லை. அவள் பேசுகிறாள் என்று தெரியும், என்ன பேசுகிறாள் என்பதை வாயைப் பார்த்துப் பாதி, பழக்கத்தில் பாதி தெரிந்துகொள்கிறேன். முப்பத்து நாலு வருஷப் பழக்கம். அவள் சொல்லப்போவது எனக்கு அத்துப்படி. ஐயோ, அவளுக்கும் இல்லாததைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேனோ? அவள் சொல்லாததைச் சொன்னதாக நினைத்துத் தலையாட்டிக்கொண்டு? போன வாரம் எதையோ கேட்டாள், சரி என்றேன், கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள். என்ன கேட்டிருப்பாள்?

கணுக்காலில் சுருக்கென்றது. அட்டை. முந்தாநாள் பெய்த மழைக்குக் கிளம்பியிருக்கிறது. குடிக்கட்டும். எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? ஐந்து, ஆறு. அவள் முதுகு சூடாக இருக்கிறது, மூச்சு விடுவது எனக்குத் தெரிகிறது. எழுதினால் அந்தத் தோள்பட்டை லேசாக அசையும், அதுவும் தெரியும். இப்போது அசைந்தது. நான் ஒன்றும் தட்டவில்லையே, எதை எழுதுகிறாள்? தேதியாக இருக்கும், மேகம் காற்று எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். காற்று இல்லை. காற்று இருந்தால்தான் பயம், வாசம் வேறு பக்கம் போய்விடும். யானை வாசம் எனக்கு நன்றாகப் பிடிபடும், அந்த மட்டுக்கு மூக்கு இருக்கிறது. ஆனால் போன ஐப்பசியில் ஒரு நாள் காற்று எதிர்ப்பக்கம். நான் முன்னால் நடக்கிறேன், அவள் பின்னால். பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தடவை கத்தினேன் என்றாள் பிறகு. நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இன்னும் பத்து எட்டு வைத்தால் ஈட்டி மரத்து வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, குட்டியோடு. ஓடி வந்து சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள், பொத்தான் இரண்டு தெறித்தது. தேயிலைக்குள் குனிந்து கிடந்தோம். அவள் கை என் காலரை விடவே இல்லை, வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம். அது நடந்ததிலிருந்து அவள்தான் முன்னால் நடக்கிறாள். முட்டி வலிக்குதுங்க, நான் முன்னால போனா என் வேகத்துக்கு நடக்கலாம் என்றாள். பாவம், முட்டி. தைலம் வாங்க வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோகிறேன். எதிரே வந்து நின்றுதான் பேசுகிறாள், பேசுவதற்கு முன்னால் தோளைத் தொடுகிறாள். வயதானால் சில பேருக்குப் பிரியம் கூடுமாம். கூடட்டும், எனக்கென்ன கசக்கிறதா.

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு தடவை வந்து விழுந்தது ஓர் ஆறுமணிக் குருவி. கல்யாணமாகி இரண்டாவது வருஷமோ மூன்றாவதோ, மகள் வயிற்றில் இருந்தாள். விடியற்காலை, விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலில் மோதி, உரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எத்தனை ராத்திரி பறந்து வந்த களைப்போ. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிறு சந்தன நிறம், அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டிய மாதிரிக் கறுப்புப் பட்டை, வால் இருக்க வேண்டிய இடத்தில் வால் வைக்க மறந்துவிட்ட மாதிரி ஒரு குட்டை. இத்தனை சாயத்தையும் பூசிக்கொண்டு சருகுக்குள் ஒளிந்து திரிகிற பிறவி. காட்டிக்கொள்ளத் தெரியாத அழகு என்று அன்றைக்குத் தோன்றியது. அவளைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன், சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சந்தனம் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து வைத்து, பகலெல்லாம் யாரையும் பக்கத்தில் விடவில்லை. சாயங்காலம் கூடைக்குள்ளிருந்து கூவியது. இரண்டே சுரம். நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டோம். கூடையை வெளியே கொண்டுபோய் எடுத்ததும் தத்தித் தத்தி நடந்தே போனது, பறந்து போகும் என்று பார்த்தால். அந்தச் சத்தத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நினைப்பில் நன்றாகக் கேட்கிறது. இதுதான் ஆபத்து. நினைப்பில் கேட்பதற்கும் காதில் கேட்பதற்கும் வித்தியாசம் தெரியாமல்தானே இத்தனை நாள் தட்டினேன்.

இன்றைக்கு இந்த வருஷத்துக் கடைசி எண்ணிக்கை. பத்து மணிக்கு நோட்டு ஆபீசுக்குப் போய்விடும். மேடம் அதைப் பார்த்து எந்தச் சோலை நன்றாக இருக்கிறது, எது படுத்துவிட்டது என்று முடிவு பண்ணுவார். தரைக்காரர்கள் இருந்தால் அந்தச் சோலை நோயில்லாத உடம்பு, விட்டுவிடுவார்கள். இல்லாத சோலைக்குத்தான் ஆள் அனுப்பி, தரையை மூடி மண்டுகிற உண்ணிச்செடியை வெட்டி மர நாற்று நடுவார்கள். அப்படியென்றால் என் விரல் என்ன செய்திருக்கிறது? இல்லாத குருவியை இருப்பதாகச் சொல்லி, செத்துக்கொண்டிருக்கிற காட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்காமலே ஒன்றுமில்லை போ என்கிற வைத்தியன். நல்ல வேளை, இந்த ஏழாம் நம்பரில் போன ஆவணியில் என்ன நினைத்தார்களோ ஆள் விட்டு நாற்று நட்டார்கள். இங்கேதான் எல்லாம் இருப்பதாக நான் தட்டியிருக்கிறேனே, இங்கே எதற்கு என்று எனக்கே புரியவில்லை. ஆபீஸ்காரர்கள் புத்தி. ஆனால் நாலாம் நம்பர்? பத்தாம் நம்பர்? நானே போய் மேடத்திடம் சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும். போனால் போகட்டும், மகள் அங்கே வந்திருங்க என்று எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறாள். ஆனால் இந்த முதுகு? மாதம் இரண்டு தடவை, இடத்துக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு வார்த்தை பேசாமல் இவளோடு உட்கார்ந்திருப்பது வேறு எங்கே கிடைக்கும்? பேசாமல் இருக்கிற இடத்தில்தான் நான் செவிடன் இல்லை. வீட்டில் செவிடன், கடையில் செவிடன், போனில் செவிடன். இந்தப் பாறையில் மட்டும் அவள் எனக்குச் சரிசமம். அதையும் என் வாயாலேயே சொல்லிக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

இப்போது பத்து நிமிஷம் இருக்கும். வழக்கமாக இந்நேரம் தட்டியிருப்பேன். அவள் கை என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, காத்துக்கொண்டு. விரல் தானாகவே எழும்புகிறது, ரோலரை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் சுற்றுமே அந்த மாதிரி. இரண்டே தட்டு. தட்டிவிட்டால் எல்லாம் பழையபடி. அவள் எழுதுவாள், எட்டாம் நம்பருக்குப் போவோம், அங்கே ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரே மூடியில் மாற்றி மாற்றி டீ குடிப்போம். தட்டு கொம்பையா, தட்டு. எப்படியும் வந்துவிடப் போகிறவன்தானே. வந்துவிடப் போகிறவனா? இரண்டு வருஷமாக நான் கேட்கவில்லை. அது வந்ததா வரவில்லையா என்றே எனக்குத் தெரியாது. அந்த மையிட்ட கண்ணும் குட்டை வாலும் இந்த உலகத்தில் இந்த மூங்கிலடியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், இருக்கிறது இருக்கிறது என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவள் நம்பி எழுதியிருக்கிறாள். வேண்டாம். கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சட்டைப் பைக்குள் வளையல் உறுத்துகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் முதுகு அசையவில்லை. ஏன் தட்டவில்லை என்று நினைப்பாளா? நினைக்கட்டும், இறங்கும்போது சொல்லிவிடுகிறேன், முதலில் இவளிடம், அப்புறம் மேடத்திடம். எப்படி ஆரம்பிப்பது? குக்கரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதுகில் ஏதோ பட்டது. இலை விழுந்திருக்கும். திரும்பவும் பட்டது. இலை இல்லை. விரல். சந்தனத்தின் விரல், என் முதுகெலும்புக்குப் பக்கத்தில், ஒன்று, இரண்டு. பதினோரு வருஷத்தில் அவள் தட்டியதே இல்லை. எனக்கு ஒரு கணம் அர்த்தமே ஆகவில்லை, எழுதுகிறவள் எதற்குத் தட்டுகிறாள் என்று. மறுபடியும் தட்டினாள். இரண்டு. திரும்பக் கூடாது என்பது சட்டம், நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாடையை நீட்டி மூங்கிலுக்கு இந்தப் பக்கம், ஆவணியில் நட்ட நாற்றுகளுக்குக் கீழே காட்டினாள். சருகு ஒன்று புரண்டது. இன்னொன்று புரண்டது. அப்புறம் அது வந்தது, தத்தி, நின்று, தத்தி. பச்சை முதுகு. வால் வைக்க மறந்த பின்பக்கம். ஒரு புழுவைக் கவ்வி இழுத்து விழுங்கியது. பிறகு நிமிர்ந்து நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்தது. தொண்டை புடைத்தது, அடங்கியது. இரண்டு தடவை. எனக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அது கூவியது, என் கண்ணால் பார்த்தேன், அவள் விரல் இன்னும் என் முதுகில் இருந்தது, அது கூவக் கூவ அந்த விரல் தட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியும் ஒரு சத்தத்தைக் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நோட்டை மூடினாள். பதினைந்து நிமிஷம் முடிந்தது. எழுந்து சுற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்று, முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். கேக்கல, சந்தனம்."

"தெரியும்."

"இன்னைக்கு மட்டும் இல்ல."

"அதுவுந் தெரியுங்க."

"ரெண்டு வருசமா நான் தட்டுனது அம்புட்டும் பொய்யி. இருக்கும் இருக்கும்னு தட்டிட்டேன். மேடத்துக்கிட்ட நானே போய்ச் சொல்லிர்றேன்."

"அம்புட்டும் பொய்யில்ல. சிலம்பன் பாதி நாளு இருந்துச்சு," என்றாள். நோட்டைத் திறந்து என் மடியில் வைத்து, பென்சில் முனையால் ஒரு வரிசையைக் காட்டினாள். "இது ஏழாம் நம்பரு. இது ஆறுமணிக்குருவி. இது தை மாசம், இது மார்கழி, இது கார்த்திகை. பாருங்க."

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வெறுங்கட்டம் வெறுங்கட்டம்தான், அதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. வரிசை முழுக்க வெறுங்கட்டம். கடைசிக் கட்டத்தில் மட்டும் புதுசாக ஒரு கோடு.

"நான் தட்டுனேனே," என்றேன்.

"நீங்க தட்டுனதையா எழுதுவாங்க? நான் கேட்டத எழுதுனேன். பதினோரு வருசமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குக் காது இல்லையா? போன வருசமும் இதே வெறுங்கட்டந்தான், அதப் பாத்துத்தான் மேடம் இங்க நாத்து நட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெட்கம்தான் கோபமாக வந்தது. "அப்ப மேடத்துக்கும் தெரியும்."

"போன வருசமே சொல்லிட்டேன். பெட்டியில சத்தம் போட்டு எனக்கும் பரிச்ச வச்சாங்க."

"எத்தன?"

கொஞ்சம் தயங்கினாள். "நாப்பத்தி நாலு."

என்னைவிட ஒன்று அதிகம். அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "பெறகு என்னத்துக்கு என்னையும் இழுத்துக்கிட்டு அலையிற?"

"யான வாசம் எனக்குத் தெரியாதுல்ல." குனிந்து என் கணுக்காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

"ரெண்டு வருசம், சந்தனம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள், பென்சிலை வைத்தாள், ஃபிளாஸ்க்கை நகர்த்தினாள். வைப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா, தட்டுறத நிறுத்திருவீங்கல்ல," என்றாள்.

எட்டாம் நம்பருக்கு அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் மூக்கை விரித்துக்கொண்டு நடந்தேன். ஓடைக்கரைக் கல்லில் முதுகோடு முதுகு உட்கார்ந்தோம். இரண்டு நிமிஷம் போனது. நான் இடது கையைப் பின்னால் கல்மேல் ஊன்றி, அவள் விரலுக்காகக் காத்திருந்தேன்.